நந்தியம்பாக்கத்துத் தண்ணீர்

மூன்று கண்ணாடிக் குவளைகளை மேசைமேல் வரிசையாக வைத்தாள் ஞானபாக்கியம். முதல் குவளையில் கல்லூரிக் குழாய்த் தண்ணீர். கடைசிக் குவளையில் எண்ணூர்க் கழிமுகத்துத் தண்ணீர். வடிகட்டியிருந்ததால் அதுவும் தெளிவாகவே இருந்தது. நடுவில் இருந்தது நந்தியம்பாக்கத்திலிருந்து மாணவன் சுப்புராயன் கொண்டுவந்தது. அவன் அப்பா நெல் பயிரிடும் நிலத்தின் குழாய்க் கிணற்றில் பிடித்த தண்ணீர்.

அவள் வேதியியல் விரிவுரையாளர். அந்த வருஷம் புதிதாக 'விவசாயமும் சுற்றுப்புறமும்' என்று ஒரு பாடத்தைச் சேர்த்திருந்தார்கள். தாவரவியல்காரர்கள் அது தங்களுடையதல்ல என்றார்கள், பொருளாதாரக்காரர்களும் அதையே சொன்னார்கள். கடைசியில், மறுத்துப் பேசத் தெரியாத இளையவள் தலையில் வந்து விழுந்தது. பாடப் புத்தகம் கிடையாது. பல்கலைக்கழகம் அனுப்பிய அரைப் பக்கக் குறிப்பும், நூலகத்தில் கிடைத்த சில ஆங்கிலப் பத்திரிகைகளும்தான் துணை.

"கடலோரத்துல பூமிக்கு அடியில நல்ல தண்ணி உப்புத் தண்ணியத் தள்ளிக்கிட்டு நிக்குது" என்றாள். "மூணு போகம் நெல்லு போடணும்னு ராத்திரி பகலா பம்புசெட்ட ஓட்டினா நல்ல தண்ணி இறங்கிடும். அது விட்ட இடத்துக்குக் கடல் வந்துடும். ஒருதரம் வந்துட்டா லேசுல திரும்பிப் போகாது."

கறுப்புக் காகிதம் சுற்றிய குப்பியிலிருந்து சில்வர் நைட்ரேட்டைச் சொட்டு சொட்டாக விட்டாள். உப்பு இருந்தால் தண்ணீர் வெள்ளையாகத் திரியும். குழாய்த் தண்ணீர் லேசாகப் புகைந்தது. கழிமுகத் தண்ணீர் கட்டியாகத் திரிந்தது. நடுக் குவளையில் சொட்டு விழுந்ததும் அதுவும் அதே மாதிரி திரண்டு அடியில் இறங்கியது.

"ஐயே, மோரு!" என்றான் தண்டையார்பேட்டை தாவூது.

வகுப்பு முழுவதும் எழுந்து மேசையைச் சுற்றிக் கொண்டது. பின்வரிசையில் தூங்கும் பையன்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். ஒரு பாடம் கண்ணுக்கு முன்னால் நடந்துவிட்ட சந்தோஷத்தில் ஞானபாக்கியத்துக்கு முகம் சிவந்தது. தாவூது மட்டும் விடவில்லை.

"மேடம், எங்க அத்தா வேலை செய்யிற ஆலைக்கும் அந்தப் பக்கத்துலேர்ந்துதான் தண்ணி வருது. பத்து பம்புசெட்டு குடிக்கிறத அது ஒரே மடக்குல குடிக்கும். நீங்க பழிய மட்டும் நெல்லு மேல போடறீங்களே?"

"இந்தப் பேப்பருக்குப் பேர் விவசாயமும் சுற்றுப்புறமும். ஆலைக்கு வேற பேப்பர் வரும்."

"அதுக்குள்ள நாங்க பாஸாகிப் பூடுவோம் மேடம்."

எல்லாரும் சிரித்தார்கள். சுப்புராயன் சிரிக்கவில்லை. நடுக் குவளையைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

அந்த வாரத்திலேயே ஒருநாள் வகுப்பு முடிந்ததும் அவன் தாழ்வாரத்தில் காத்திருந்தான்.

"மேடம், அப்பா ஒத்துக்கினாரு."

"எதுக்கு?"

"நிலத்தக் குடுத்துடறதுக்கு. ரொம்ப நாளா ஒரு தரகரு வந்துகினு இருந்தாரு. கம்பெனி ஒண்ணு வாங்குது. அப்பா அவர வாசல்லயே நிக்க வெச்சுத் திட்டி அனுப்புவாரு. இந்தத் தபா நான் வகுப்புல பாத்தத சொன்னேன். நாலு நாளு பேசவே இல்ல. அப்புறம் அவரே ஆள் அனுப்பி வரச் சொல்லிட்டாரு. நாளைக்குக் காலைல கையெழுத்து."

ஞானபாக்கியம் கையிலிருந்த புத்தகங்களைத் தாழ்வாரச் சுவர்மேல் வைத்தாள். அவள் பாடம் கல்லூரி வாசலைத் தாண்டி ரயிலேறிப் போனது இதுதான் முதல் தடவை. அது பெருமையாகத்தான் இருந்தது.

"நல்லா யோசிச்சீங்களாப்பா?"

"உப்பு வந்துட்டா லேசுல திரும்பாதுன்னு நீங்கதானே மேடம் சொன்னீங்க. இன்னும் ரெண்டு வருஷம் போனா அத ஆரு வாங்குவாங்க?"

கல்மண்டபத்தில் அவர்கள் வீடு இரண்டே அறைகள். கணவன் கஸ்பார் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். அவனுடைய அக்கா ரோசி புருஷன் இறந்த பிறகு தம்பியோடு வந்துவிட்டவள். காலையில் மீன் ஏலம், மதியம்வரை மார்க்கெட். அன்று சாயங்காலம் அவள் வாசலில் உட்கார்ந்து நெத்திலியைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். ஞானபாக்கியம் பக்கத்தில் உட்கார்ந்து நடந்ததையெல்லாம் சொன்னாள். யாரிடமாவது சொன்னால் தேவலை போலிருந்தது.

"ஒரு பாட்டில் தண்ணியப் பாத்துட்டா நெலத்த விக்கறானுங்க?" என்றாள் ரோசி. "எந்தத் தண்ணி அது?"

"சனிக்கிழம அந்தப் பையன் கொண்டாந்து குடுத்தான் அண்ணி. ஆய்வுக்கூடம் பூட்டிட்டாங்க. அதனால வூட்டுக்கு எடுத்தாந்து அலமாரியில வெச்சேனே."

ரோசியின் கை நின்றது.

"எங்க வெச்ச?"

"திரு இருதயப் படத்துக்குக் கீழ. அங்கதான் எடம் இருந்துச்சு."

ரோசி நெத்திலித் தட்டைக் கீழே வைத்தாள். முந்தானையால் கையைத் துடைத்தாள். ஒரு பூனையைத் துரத்தினாள். பிறகுதான் பேசினாள்.

"நான் இன்னாத்தக் கண்டேன்? படத்துக்குக் கீழ தண்ணி வெச்சா அது தீர்த்தமா, இல்ல கூல்டிரிங்க்ஸா? பரவால்ல, படிச்சவளுக்கும் பக்தி வந்துடுச்சு, கோயிலுக்குப் போயி தீர்த்தம் எடுத்தாந்துகிறான்னு நெனச்சேன். கஸ்பாருக்குப் போன வாரம்தான் கிரேன்ல கம்பி அறுந்துச்சு. ஞாயித்துக்கெழம வூடு பூரா தெளிச்சேன். அவன் சட்டை மேலயும் தெளிச்சேன்."

"தெளிச்சா கொறஞ்சிருக்குமே அண்ணி. பாட்டில் நெறையத்தானே இருந்துச்சு."

"கொறஞ்சா நீ கேப்பேன்னு என் தீர்த்தப் பாட்டில்லேர்ந்து ஊத்தி வெச்சேன். அப்பறம் அந்தோணியார் கோயில்ல மந்திரிச்சுக் குடுத்த உப்பு இருந்துச்சு. சக்தி கூடட்டும்னு அதுல ஒரு கை."

"ஒரு கையா!"

"சின்னக் கைதான். இன்னாத்துக்கு அப்பிடிப் பாக்கறே? மந்திரிச்ச உப்பு. கெடுதல் இல்ல."

ஞானபாக்கியம் எழுந்து உள்ளே போனாள், மறுபடி வந்தாள். பாட்டிலில் எவ்வளவு மிச்சமிருந்தது, எவ்வளவு ஊற்றினாள் என்று கேட்டுப் பார்த்தாள். பாதி இருந்தது என்றாள் ரோசி. யோசித்துவிட்டு, பாதிக்கும் கீழே என்றாள். இன்னும் யோசித்துவிட்டு, "ஏ, போலீஸ் ஸ்டேஷன்ல கேக்கற மாதிரி கேக்காத பாக்கியம், எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல" என்று நெத்திலியிடமே திரும்பினாள்.

வேலை முடிந்து வந்த கஸ்பாருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "ஃபாதரக் கேட்டுப் பாரேன், தீர்த்தத்துல எவ்ளோ உப்பு போடறாருன்னு. கழிச்சுட்டா மீதி நந்தியம்பாக்கம்." அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். "சரி வுடு. அந்தப் பையன்கிட்ட தப்பு நடந்துபோச்சுன்னு சொல்லிட வேண்டியதுதானே?"

சொல்லிவிடலாம். ஆனால் எதைச் சொல்வது? தண்ணீரில் உப்பில்லை என்றா? அதுவும் அவளுக்குத் தெரியாதே. திரிந்தது ரோசியின் உப்பா, கடலின் உப்பா, இரண்டும் கலந்ததா? பத்திரிகைகளில் படித்ததெல்லாம் அந்தப் பக்கத்தில் கடல் உள்ளே வருகிறது என்றுதான் சொல்லின. அதை நம்பித்தானே பாடமே நடத்தினாள். அப்படியானால் பொய்யான சோதனையில் மெய்யான விஷயத்தைக் காட்டியிருக்கலாம். இல்லை, நல்ல கிணற்றின் மேல் கோயில் உப்பைப் போட்டு ஒரு குடும்பத்தைக் கிளப்பியிருக்கலாம். நினைக்க நினைக்க, இரண்டில் எது உண்மையாக இருக்கவேண்டும் என்று தான் ஆசைப்படுகிறோம் என்பதுகூடக் குழம்பிப்போனது.

மறுநாள் கல்லூரி திறந்ததும் கறுப்புக் குப்பியைப் பைக்குள் வைத்துக்கொண்டு, லீவு சொல்லிவிட்டு, கஸ்பாரோடு ரயிலேறினாள். சுப்புராயன் வகுப்புக்கு வந்திருக்கவில்லை. கையெழுத்துப் போடும் நாளில் எப்படி வருவான்?

எண்ணூர் தாண்டியதும் உப்பளங்கள் வந்தன. வெயிலில் வெள்ளை மேடுகள். அதற்கப்புறம்தான் வயல்கள். ஆடி மாதம். ஏரிகளில் தண்ணீர் இல்லை. பம்புசெட் இருந்த இடத்தில் மட்டும் திட்டுத் திட்டாகப் பச்சை. கஸ்பார் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, "இதுல எதும்மா விவசாயம் கெடுத்தது, எது ஆலை கெடுத்தது?" என்று கேட்டான். கிண்டலில்லாமல்தான் கேட்டான்.

சுப்புராயனின் அப்பா வரதன் கிணற்று மேட்டில் இருந்தார். நெடுநெடுவென்று உயரம், தலையில் துண்டு. பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்திருந்தவர் தரகர் சுயம்பு. டெரிலின் சட்டை, கையில் தோல் பை. கையெழுத்து இன்னும் ஆகவில்லை. மோட்டார் ஓடவில்லை, மின்வெட்டு. சுப்புராயன் அவளைக் கண்டதும் ஓடிவந்தான்.

"அப்பா, இவங்கதான் எங்க மேடம்."

"வாங்க டீச்சரம்மா" என்றார் வரதன். "உங்களாலதான் இந்த முடிவுக்கு வந்தோம். இருந்து சாப்ட்டுப் போங்க."

தனியாகப் பேசவேண்டும் என்றாள் அவள். "இவரு இருந்தா இன்னா, சும்மா சொல்லுங்க" என்றார் வரதன். அவள் சொன்னாள். வீட்டில் பாட்டிலில் தீர்த்தம் கலந்துவிட்டதையும், உப்பு சேர்ந்துவிட்டதையும், வகுப்பில் காட்டிய சோதனையை நம்பி எதுவும் செய்யவேண்டாம் என்பதையும் சொன்னாள். தீர்த்தம் என்ற இடத்தில் நாக்கு கொஞ்சம் தடுக்கியது. கஸ்பார்தான் எடுத்துக் கொடுத்தான்.

வரதன் துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். மகனைப் பார்த்தார். சுப்புராயன் தரையைப் பார்த்தான்.

ஆச்சரியம் என்னவென்றால், தரகர் முகம்தான் முதலில் மலர்ந்தது. "அப்போ தண்ணி சுத்தம்னு சொல்லுங்க டீச்சர். நல்ல சேதி. கம்பெனிக்கு அதானே வேணும். பாய்லர் வெக்கப் போறாங்க, உப்புத் தண்ணின்னா குழாய்லாம் பூடும்."

"குடோன் கட்டப் போறாங்கன்னு சொன்னே?" என்றார் வரதன்.

"குடோனும் கட்டுவாங்க. தண்ணியும் எடுப்பாங்க. எடம் வாங்கறவன் காத்தையா எடுப்பான்?"

"தண்ணி நல்லா கீதுன்னா நான் இன்னாத்துக்குய்யா குடுக்கணும்?"

"தண்ணி கெட்டுதுன்னா நாங்க இன்னாத்துக்குப் பெரியவரே வாங்கணும்?"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஞானபாக்கியத்தைப் பார்த்தார்கள்.

அவள் பைக்குள் கையை விட்டாள். தான் வந்தது ஒரு குடும்பம் தவறான சேதியால் நிலத்தை விட்டுவிடக்கூடாது என்பதற்காக. இப்போது, விற்றால் அதே இடத்தில் இன்னும் பெரிய மோட்டார் வைத்து இன்னும் ஆழத்தில் இறைப்பார்கள் என்று தெரிகிறது. நெல்லுக்கு இறைப்பது தவறு என்று பாடம் நடத்தி, பாய்லருக்கு இறைக்க வழிசெய்திருக்கிறாள். தாவூது இங்கே இருந்தால் இந்நேரம் என்ன சொல்லியிருப்பான் என்று தோன்றியது.

கிணற்றுத் தொட்டியில் நேற்று மின்சாரம் போகுமுன் கொஞ்ச நேரமே இறைத்த தண்ணீர் நின்றது. ஒரு குவளையில் மொண்டு சொட்டு விட்டாள். லேசாகப் புகைந்தது. கல்லூரிக் குழாய்த் தண்ணீரைவிட ஒரு பிடி கூட இருக்கலாம், அவ்வளவுதான்.

"பாத்தியா!" என்றார் வரதன் தரகரிடம்.

"பாத்தேனே!" என்றார் தரகர் வரதனிடம்.

இரண்டு பேருக்கும் சந்தோஷம். ஒருவருக்கு நிலம் கைவிட்டுப் போகாத சந்தோஷம், மற்றவருக்கு நிலம் கைக்கு வரப்போகிற சந்தோஷம். அந்த நிமிஷத்தில் அவள் குப்பியை மூடிப் பைக்குள் போட்டிருந்தால், வரதன் தரகரைப் பழையபடி திட்டி அனுப்பியிருப்பார், எல்லாம் முன்பிருந்த மாதிரியே ஆகியிருக்கும். மூடிகூடக் கைக்கு வந்துவிட்டது.

"மேடம்" என்றான் சுப்புராயன். "மோட்டார் நல்லா ஓடினப்புறம் வர தண்ணியத்தான் எடுக்கணும்னு சொன்னீங்க. நான் அன்னிக்கு அப்பிடித்தான் புடிச்சேன். இது தொட்டித் தண்ணி."

"சும்மா கெட நைனா" என்றார் வரதன். "ஓடினா இன்னா, நின்னா இன்னா, எல்லாம் ஒரே கெணறுதான்."

"இல்லப்பா, ஒரே கெணறு இல்ல. ஓட ஓட வேற எடத்துலேர்ந்து இழுக்கும்."

பையன் பாடத்தை அப்படியே ஒப்பித்தான். ஞானபாக்கியத்துக்கு அதைக் கேட்கக் காது கூசியது. மறுக்கவும் முடியவில்லை. மின்சாரம் வரட்டும் என்றாள்.

மின்சாரம் வந்தது. மோட்டார் உறுமிக்கொண்டு கிளம்பியது. வாய்க்காலில் தண்ணீர் நாற்றங்காலை நோக்கி ஓடியது. சம்பாவுக்கு விட்ட நாற்று, விரல் நீளம் எழும்பியிருந்தது. மண் வெடித்து வாய் பிளந்து கிடந்தது. வரதன் தரகரையும் டீச்சரையும் மறந்துபோய், மண்வெட்டியோடு மடை திருப்பப் போய்விட்டார். அவருடைய வீட்டிலிருந்து கேழ்வரகுக் கூழும் கருவாட்டுக் குழம்பும் வந்தன. கஸ்பார் இரண்டு கிண்ணம் குடித்தான். அவள் குழாய் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாப்பிட்டு, கை கழுவி, தரகர் கட்டிலில் ஒரு தூக்கமும் போட்டு எழுந்த பிறகு, குழாய் வாயிலேயே குவளையைப் பிடித்தாள். சொட்டு விழுந்தது. வெள்ளை சுருள் சுருளாக இறங்கி, குவளை முழுவதும் மங்கி, அடியில் மெல்ல ஒரு படலம் படிந்தது. கழிமுகத் தண்ணீர் போல இல்லை. வகுப்பில் திரிந்ததுபோலவும் இல்லை. ஆனால் தொட்டித் தண்ணீரும் இல்லை. நடுவில் எங்கேயோ இருந்தது.

"இது இன்னா?" என்றார் வரதன். "உப்பா, இல்லியா? ஒரே வார்த்தைல சொல்லுங்க டீச்சரம்மா."

"கொஞ்சம் இருக்கு. எவ்வளவுன்னு இந்தச் சோதனையில சொல்ல முடியாது. எப்பவும் இருந்ததா, இப்ப ஏறுதான்னும் ஒரே நாள்ல சொல்ல முடியாது."

வரதன் குனிந்து குழாயில் வாய் வைத்துக் குடித்துப் பார்த்தார். "நல்லாத்தான் கீது" என்றார். பிறகு நாக்கைச் சப்பிக்கொண்டு, "இல்ல, இன்னாமோ கீது" என்றார். மறுபடி குடித்தார். "இத்தினி வருஷம் குடிச்சேன், ஒண்ணும் தெரில. இப்ப நீங்க சொன்னப்புறம் உப்பாத் தெரியுதா, நெசமாவே உப்பான்னு தெரில."

சுயம்பு குவளையை வாங்கி, குலுக்கி, மூக்குக்கு நேராக வைத்துப் பார்த்தார். தோல் பையை எடுத்துக் கக்கத்தில் இடுக்கினார். "பெரியவங்களக் கேட்டுகினு ஒரு நாள் வரேன்" என்றார்.

"எப்போ?"

"வருவேன். எங்க ஓடிடப் போறேன்?"

அவர் வரப்பில் நடந்து போவதை எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இனி வரமாட்டார் என்று போன வேகத்திலேயே தெரிந்துவிட்டது.

அவள் எதற்காக வந்தாளோ அது நடந்துவிட்டது. நிலம் வரதனிடமே இருந்தது. கோயில் உப்பு அதைக் கொண்டுபோகவில்லை. கிணற்றின் சொந்த உப்பே அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. இதற்குச் சந்தோஷப்படலாமா என்று யாரையாவது கேட்கலாம் போலிருந்தது. சுப்புராயன் அழாத குறையாக நின்றான்.

"மேடம், நான் வாய மூடிகினு இருந்திருக்கணும்."

"இல்லப்பா, நீ சொன்னது சரிதான்."

"சரின்னா ஏன் மேடம் இப்பிடி ஆச்சு?"

வரதன் கோபப்பட்டுக் கத்துவார் என்று எதிர்பார்த்தாள். அவர் கத்தவில்லை. "நேத்து வரைக்கும் எங்கிட்ட நல்ல நெலம் இருந்துச்சு, கேக்க ஆளும் இருந்தான்" என்றார். "இப்ப நெலம் கீது. ஆளு இல்ல. நல்ல நெலமான்னும் தெரில. நீங்க நல்ல மனசோட தான் வந்தீங்க. அதுல ஒண்ணும் கொற இல்ல." பிறகு மோட்டார் கொட்டகையைக் காட்டினார். "சரி, இப்ப கையோட ஒண்ணு சொல்லிட்டுப் போங்க. இத ஓட வுடவா, நிறுத்தவா?"

நாற்றங்காலில் தண்ணீர் பாதிவரை ஏறியிருந்தது. ஓடினால் உப்பு இன்னும் கிட்டே வரலாம். நிறுத்தினால் மீதி நாற்று இந்த வெயிலில் ஒரு வாரம் தாங்காது. பருவம் முழுக்க நடத்த வேண்டிய பாடத்துக்கு அவளிடம் குறிப்பு இருந்தது. இந்தக் கேள்விக்கு இல்லை.

"நிறுத்துங்க" என்றாள். உடனே, "இல்ல, நாத்து நனையட்டும். அப்புறம் நிறுத்துங்க" என்றாள்.

"அப்புறம்?"

"பசங்களையும் கூட்டிக்கிட்டு வரேன். நிக்கற தண்ணி, ஓடற தண்ணி ரெண்டும் எடுக்கறோம். பக்கத்துக் கெணறுங்கள்லயும் எடுக்கறோம். மழை வர வரைக்கும் வாரா வாரம்."

"அதுவரைக்கும் நாத்து உங்க பசங்களுக்காகக் காத்துகினு இருக்குமா?"

அவர் பதிலுக்கு நிற்கவில்லை. நேராகக் கொட்டகைக்குப் போய் மோட்டாரை நிறுத்தினார். சத்தம் நின்றதும் காது அடைத்தது போலிருந்தது. மண்வெட்டியால் நாற்றங்காலின் குறுக்கே, தண்ணீர் நின்ற இடத்திலேயே ஒரு சின்ன வரப்பு போட்டார். இந்தப் பக்கம் நனைந்த நாற்று, அந்தப் பக்கம் காய்ந்த நாற்று.

"இந்தப் பாதிக்குக் கெணத்துத் தண்ணி. அந்தப் பாதிக்கு உங்க பேச்சு. மழை வந்தா வரட்டும். எது நிக்குதுன்னு பாக்கலாம்."

"அப்பா, பாதி நாத்து போச்சுன்னா?" என்றான் சுப்புராயன்.

"எந்தப் பாதின்னு உங்க டீச்சருக்கே தெரில. எனக்கு எப்பிடிடா தெரியும்?"

கஸ்பார் ரயிலுக்கு நேரமாகிறது என்று ஜாடை காட்டினான். ஞானபாக்கியம் வரப்பிலேயே நின்றாள். காய்ந்த பாதி பிழைத்தால், இறைக்காதே என்று அவள் நடத்திய பாடம் பொய்யாகாது. ஈரமான பாதி பிழைத்தால் இந்த வீட்டில் நெல் இருக்கும். எது பிழைக்கவேண்டும் என்று வேண்டிக்கொள்வது என்று புரியாமல், இரண்டு பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.